சங்கு ஊதாத அறை

வீடியோ கேம்தான் என் வேலை என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் விளையாடவில்லை. கொச்சியில் ஒரு கட்டடத்தில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, ஒரு பொம்மை மனிதனைச் சுவரில் கொண்டுபோய் முட்டவைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுவரிலும், ஒவ்வொரு மூலையிலும். நடந்து போய் முட்டி, ஓடிப் போய் முட்டி, குதித்து முட்டி. சுவர் சுவராக இருக்கிறதா, தரை தரையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம். டெஸ்டர் என்று பெயர்.

என்னிடம் வந்ததெல்லாம் ஒரே வகை விளையாட்டு. பூமிக்கு அடியில் ஒரு பெரிய பாழடைந்த இடம் இருக்கும். அதில் சின்னதாக ஒரு ஆள், கையில் ஒரு கத்தி. முதலில் பாதி வழி அடைத்திருக்கும். மேடு உயரமாக இருக்கும், அவனால் அவ்வளவு குதிக்க முடியாது. அலைந்து, அடிபட்டு, செத்துப் பிழைத்து, எங்கேயோ ஒரு சக்தியைக் கண்டெடுப்பான். காற்றிலேயே இன்னொரு முறை எம்பிக் குதிக்கலாம், அல்லது சுவரைப் பற்றி ஏறலாம். அதை வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பி வந்து, அன்றைக்கு ஏற முடியாத மேட்டில் ஏறிப் போவான். திரும்பி வருவதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று ஆபீஸில் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் திரும்பிப் போக நல்ல ஊர் இருந்தது.

இந்த வகையில் வரக்கூடிய மோசமான பிழைக்கு சாஃப்ட் லாக் என்று பெயர். ஆள் ஒரு இடத்துக்குள் இறங்கிவிடுவான். வெளியே வரத் தேவையான சக்தி அவனிடம் இருக்காது. சாகவும் மாட்டான். பாட்டு ஓடும், விளக்கு எரியும், அவன் நெஞ்சு ஏறி இறங்குவதுகூடத் தெரியும். ஆனால் இனி அவனுக்கு எதுவுமே நடக்காது. இதைத் தேடிப் பிடிப்பவர்தான் நல்ல டெஸ்டர். நான் நல்ல டெஸ்டர். யார் முன்னாலும் சொல்வேன்.

ஒருநாள் எங்கள் அறையையே மூடினார்கள். சுவரில் முட்டுவதை இனிமேல் மெஷினே செய்துகொள்ளுமாம். பழைய லேப்டாப் ஒன்றை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய தர்மம். பேட்டரி செத்த லேப்டாப். அதைத் தூக்கிக்கொண்டு குமுளிக்கு பஸ் ஏறினேன்.

குமுளியிலிருந்து ஜீப்பில் போனால் எங்கள் எஸ்டேட். அம்மா தேயிலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து எடுத்தே என்னை பி.காம். படிக்கவைத்தாள். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். நாங்கள் இருப்பது லயத்தில். நீளமான ஒரே கூரை, அதற்கடியில் வரிசையாக வீடுகள், நடுவில் முக்கால் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் 'சேசுவே' என்று சொல்வோம்.

லயத்து வீடு எஸ்டேட்டினுடையது. வேலை செய்கிறவர் பெயரில்தான் வீடு. அவர் ரிட்டயர் ஆனால், வீட்டிலிருந்து இன்னொருவர் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும். பதியாவிட்டால் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். எங்கே போவது என்பது அவர்கள் பிரச்சினை இல்லை. 'தமிழ்நாட்டுக்காரங்கதானே, சொந்த ஊருக்குப் போங்க' என்று குமுளியில் கடைக்காரர்கூடச் சொல்லியிருக்கிறார். எந்த ஊருக்கு? திருநெல்வேலிப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ மலையேறியவர்கள் நாங்கள். கீழே எங்களுக்கு ஒரு செங்கல் கிடையாது. முகம் தெரிந்த ஒரு ஆள் கிடையாது.

நான் வந்த அந்த மழைக்காலத்தில் அம்மா ரிட்டயர் ஆக இருந்தாள். மாதக் கடைசியோடு சரி. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. நான் பேர் பதிந்தால் வீடு நிற்கும். பதிந்தால் நான் கொழுந்துக்காரி. அட்டை கடித்த காலும், கறை போகாத விரலும், நாற்பது வயதில் அறுபது வயது முதுகும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நான் பதியமாட்டேன் என்று பத்தாம் வகுப்பிலேயே மாதா படத்தின் முன்னால் சத்தமாகச் சொன்னவள். அம்மாவும் அதற்கு ஆமென் போட்டவள்.

அந்த நேரத்தில்தான் ஒரு வழி தெரிந்தது. பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் செய்வதும் இதே மாதிரி விளையாட்டு. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் முதலில் ஒரு பரீட்சை. அவர்கள் தரும் விளையாட்டை முழுக்க ஆடிப் பார்த்து, அதில் உள்ள பிழைகளை எழுதி அனுப்ப வேண்டும். தேறினால் வேலை. வேலை கிடைத்தால் குமுளியில் ஏலக்காய்க் கடைக்கு மேலே இரண்டு அறை தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். மாதம் பிறக்கும்வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்றார். படிக்கட்டெல்லாம் ஏலக்காய் வாசனை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்.

குமுளியில் செல்போன் கடை வைஃபையில் விளையாட்டை இறக்கிக்கொண்டு வந்து, லயத்தில் ஆடத் தொடங்கினேன். பேட்டரி இல்லாத லேப்டாப் என்று சொன்னேனே. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மழையில் போகிற கரண்டை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுச் சித்தி மிக்ஸி போட்டாலும் எங்கள் வீட்டில் கரண்ட் இறங்கும். பல்பு சிவக்கும், லேப்டாப் செத்துவிடும். சித்தியின் வாசலில் போய் நின்றேன்.

"சித்தி, ஒரு வாரத்துக்கு மிக்ஸி போடாதீங்க."

"ஏட்டி, ஒன் பொம்ம குதிக்கதுக்கு நான் சட்னி இல்லாம தோச திங்கணுமாக்கும்?"

"ஒரு வாரம்தான் சித்தி."

"ஒரு வாரத்துல அது எங்க போயிச் சேரப்போவுது?"

"வெளிய."

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப அரைக்கல, போ" என்றாள். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் தோசைக்கு மிளகாய்ப்பொடிதான். அவள் பேரன் அழுத சத்தம் சுவருக்கு மேலாகக் கேட்டது.

அம்மா வேலை முடிந்து வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பாள்.

"இது எதுக்குட்டி போன வழியிலயே திரும்பத் திரும்ப வருது? கிறுக்கா?"

"சக்தி கிடைச்சா பழைய வழி திறக்கும்மா."

"சக்தி கிடைச்சா வீட்டுக்குப் போவ வேண்டியதுதான. வீடு கீடு இருக்கா அதுக்கு?"

"அதெல்லாம் இல்ல."

"நம்மள மாதிரிதான்னு சொல்லு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நன்றாகத்தான் வேலை செய்தேன். ஒரு பாலத்தில் ஓடிக்கொண்டே கத்தி வீசினால் ஆள் தரைக்குள் புதைந்துபோனான். ஓர் அருவிக்குப் பின்னால் சுவர் இருப்பது போலத் தெரிந்தது, ஆனால் இல்லை. எல்லாவற்றையும் எழுதினேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று செய்தவர்கள் நினைக்கிற இடங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிறகு அந்த அறைக்கு வந்தேன்.

ஒடுக்கமான ஒரு கல் அறை. மேலேயிருந்து குதித்துத்தான் உள்ளே வர முடியும், திரும்ப ஏற முடியாத உயரம். உட்கார ஒரு கல் பெஞ்சு. எதிரே ஒரு கம்பிக் கதவு. கம்பிக்கு அந்தப் பக்கம் வழி போவது தெரிகிறது. ஒரு விளக்கு மெல்ல மங்கி மெல்லத் தெளிகிறது. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. கதவைக் கத்தியால் அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. சரி, நேரமாகவில்லை என்று நினைத்தேன்.

எங்கள் எஸ்டேட் ரோட்டில் ஒரு இரும்பு கேட் உண்டு. இரண்டு பக்கமும் யானைக்காக வெட்டிய ஆழமான பள்ளம். கேட் வழியாகத்தான் வரலாம், போகலாம். அந்த கேட் சங்குக்குத்தான் திறக்கும். ஃபாக்டரியில் சங்கு ஊதும், வாட்சர் வந்து திறப்பார். காலையில் ஊதும், மத்தியானம் ஊதும், சாயங்காலம் ஊதும். நடுவில் வந்தால் நிற்க வேண்டும். நான் நடக்கப் பழகிய காலத்திலிருந்து அங்கே நின்றிருக்கிறேன். புத்தகப் பையோடு நின்றிருக்கிறேன், காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். நின்றால் திறக்கும். அதில் யோசிக்க ஒன்றும் கிடையாது.

அதனால் ஆளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு பொங்கி வடித்தேன். வந்து பார்த்தபோது அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. விளக்கு மங்கித் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிற விஷயம். இவர்கள் விளையாட்டில் நேரத்தையும் வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். நாள் போய்க்கொண்டிருந்தது. முன்பு சேமித்துவைத்த இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கி, வேறு வழியாகப் போய் மிச்சத்தை முடித்தேன். அறிக்கையில் அந்த அறையைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். 'இந்த அறை நன்றாக இருக்கிறது. காத்திருப்பது போன்ற உணர்வு சரியாக வந்திருக்கிறது.'

எங்கள் லயத்தில் போனில் சிக்னல் வராது. தேயிலைக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் வரும். மழைக்கோட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு ஏறி, அறிக்கையை அனுப்பினேன். அதன்பின் தினமும் ஏறினேன். ஒருநாள் சாயங்காலம் நான் பாறையில் நிற்கும்போதே கூப்பிட்டார்கள். பேசியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். மரியாதையான குரல்.

"ஏனுங்க, ரிப்போர்ட் அருமையா இருக்குதுங்க. எங்க ஆளுங்களே பாக்காத ரெண்டு ஓட்டையைப் புடிச்சிருக்கறீங்க."

"நன்றி சார்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அந்தக் கம்பிக் கதவு ரூமுக்குள்ள போனீங்களா?"

"போனேன் சார். எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கறீங்க. நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கறீங்க. அதுதானுங்க சாஃப்ட் லாக்கு. வேணும்னே வெச்சது."

மழை சடசடவென்று கோட்டின் மேல் விழுந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்க ஆசைப்பட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

"கதவு திறக்கும்ல சார்?"

"எதுக்குங்க திறக்கும்?"

"நேரமானா."

"நேரமெல்லாம் அதுல வெக்கவே இல்லீங்களே. அது வெறும் படமுங்க. தெறக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க. எத்தன நேரம் பாத்தீங்க?"

"சோறு பொங்கி வடிக்கிற வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். "கம்பியடச்ச ரூமுல அவ்வளவு நேரம் யாருங்க நிப்பாங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பரீட்சை எழுதிய மற்ற எல்லோரும் முதலில் பிடித்ததே அதைத்தானாம். அதை விட்டவர்களை எடுக்க முடியாதாம். வருத்தப்பட்டார். வேறு ஏதாவது வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்.

யார் நிற்பார்களா? சித்தியின் மகள் நின்றாள். வயிற்றில் பிள்ளையோடு, வலியெடுத்து, ஜீப்பின் பின்சீட்டில், அந்த கேட்டுக்கு முன்னால். வாட்சர் சாவியோடு எங்கேயோ போயிருந்தார். ஜீப்பிலேயே பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் இப்போது சட்னிக்கு அழுகிற பேரன். அன்றைக்கு லயமே திரண்டு வாட்சரைத் திட்டியது. நானும் திட்டினேன். சாவியை வைத்துக்கொண்டு எங்கேயடா போனாய் என்று கேட்டோம். ரோட்டில் கேட் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்பார்களா?

பாறையிலிருந்து இறங்கி வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டும் படுதாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"இல்லன்னுட்டாக."

"ஏன்? நல்லாத்தான செஞ்ச?"

"ஒரு கதவு. பூட்டிக் கெடந்துச்சு. திறக்கும்னு நின்னுட்டேன்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. ஈரக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நின்னா திறக்கத்தான செய்யும்?" என்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். லயம் முழுக்கக் கேட்டது. சித்தி வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மா படுதாவை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"நீ பேரு பதியாத. நான் கீழ கம்பம் டவுனுக்கு எறங்கிருதேன். எங்கயாவது கூட்டிப் பெருக்கிக்கிட்டுக் கெடப்பேன்."

"கம்பத்துல யாரும்மா இருக்காக நமக்கு?"

"ஒருத்தரும் இல்ல. அதுக்காவ?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை என் தோளில். அந்தக் காலை வைத்துக்கொண்டு கம்பத்தில் யார் வீட்டுத் தரையைக் குனிந்து துடைப்பாள்? கேட்கவில்லை. கேட்டால் முடியும் என்பாள்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் குமுளிக்குப் போய், ஏலக்காய்க் கடை மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழே கடையிலேயே சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனாலும் படியேறிப் போய் ஒரு தடவை குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். ஜீப் என்னை எஸ்டேட் கேட்டில் இறக்கிவிட்டபோது கேட் மூடியிருந்தது. ஆபீஸ் உள்ளே. மத்தியானத்துக்குள் பேர் பதிந்து ஒப்பு, அதாவது கையெழுத்து, போடாவிட்டால் மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

"திறங்கண்ணே" என்றேன் வாட்சரிடம்.

"சங்கு ஊதட்டும் பாப்பா."

"இன்னைக்குக் கடைசி நாளுண்ணே. பேரு பதியணும்."

"தெரியும். நாளையிலருந்து நீயும் நம்ம ஆளுதான? இப்பமே நின்னு பழகிக்கோ" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். கெட்டவர் இல்லை. எனக்காகச் சாவியைத் தொட்டால் அவர் வேலை போகும்.

நின்றேன். பள்ளத்தில் மழைத் தண்ணீர் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆபீஸின் தகரக் கூரை தெரிந்தது. அப்போது பின்னால் ஒரு ஹாரன். மேனேஜரின் ஜீப். வாட்சர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினார். கேட் திறந்தது. சங்கு ஊதவில்லை.

ஜீப்புக்குப் பின்னாலேயே நானும் நுழைந்தேன். "ஏ பாப்பா, ஏ!" என்று கத்தினார். நான் திரும்பவில்லை. பிறந்ததிலிருந்து அந்த கேட்டில் சங்குக்கு முன்னால் நான் நுழைந்தது அது ஒரு தடவைதான். நுழைந்து எங்கே போனேன்? ஆபீஸுக்குத்தான். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பு போட்டேன். படுதாவும் கொழுந்து வெட்டும் கத்திரியும் மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

விளையாட்டில் ஆள் திரும்பி வரும்போது கையில் ஒரு சக்தியோடு வருவான். நானும்தான் திரும்பி வந்தேன். கையில் என்ன இருந்தது? பி.காம்., ஒரு செத்த பேட்டரி.

வீட்டுக்குள் நுழைந்தபோது, கடைசி நாள் என்று வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்த அம்மா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரி அந்த அறைக்குள் மறுபடி இறங்கிப் பார்த்திருந்தேன், காலையில் போகிற அவசரத்தில் அணைக்க மறந்திருந்தேன். அந்தக் கல் அறை. பெஞ்சில் அவன். எதிரே கம்பிக் கதவு.

"இன்னும் திறக்கலட்டி" என்றாள் என்னைப் பார்க்காமல். "நானும் ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"போட்டுட்டேம்மா" என்றேன். "ஒப்பு."

அம்மா தலையை ஆட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முக்கால் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சித்தி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மிக்ஸியைப் போட்டாள். பல்பு சிவந்தது. அவன் உட்கார்ந்தபடியே இருண்டுபோனான்.